‘மாவே கிடையாது மேடம்’: நுங்கம்பாக்கம் கிளையில் பரிமாறிய உணவு குறித்த புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
மேற்கு மாம்பலம், சென்னை – 600 033.

பெறுநர்:
பொது மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தங்கள் உணவக நிறுவனத்தின் தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: மெனுவின் ‘லோ கார்ப்’ (மாவுச்சத்து குறைந்த உணவு) பக்கத்தில் உள்ள கோழி உணவின் சாஸில் மாவு கலந்திருந்தது, கேட்டபோது இல்லை என்று சொன்னது, காய்க்கு 150 ரூபாய் கூடுதலாக வசூலித்தது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த சனிக்கிழமை இரவு, பேரனின் பத்தாவது பிறந்தநாளுக்காக நாங்கள் ஐந்து பேர் தங்கள் நுங்கம்பாக்கம் கிளைக்கு வந்திருந்தோம். பில்லின் நகலை இணைத்திருக்கிறேன். மற்ற நால்வரின் சாப்பாட்டில் குறை எதுவும் இல்லை. பேரனுக்கு வந்த பீட்சா ஓரம் மொறுமொறுவென்று, அடி நன்றாக வெந்து இருந்தது. இந்தக் கடிதம் என் தட்டைப் பற்றியது.

எனக்கு 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) சென்ற ஆண்டு 8.4-க்கு ஏறியபோது, சோற்றையும் மாவுப் பண்டங்களையும் பாதிக்குமேல் குறைக்கச் சொன்னார் டாக்டர். குறைத்தேன், இப்போது 6.9. அதனால் இத்தாலிய உணவகம் என்றதும் மகள் தயங்கினாள். “பாஸ்தாவும் பீட்சாவும்தானே அம்மா, உனக்கு அங்கே என்ன இருக்கும்?” என்றாள். போகலாம் என்று சொன்னவள் நான்தான்.

அவள் இத்தாலியின் மிலான் நகரில் வேலை பார்த்தபோது ஒரு மாதம் உடன் தங்கியிருக்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் பாஸ்தாவைச் சோறுபோல் தட்டின் நடுவில் குவித்து, மற்றதையெல்லாம் அதற்குத் தொட்டுக்கொள்வதில்லை. பாஸ்தாவோ, ரிசோட்டோ என்ற அரிசி உணவோ முதல் சுற்று. அதற்குப் ‘பிரிமோ’ என்று பெயர். மீனும் இறைச்சியும் அடுத்த சுற்றில், ‘செகோண்டோ’ என்று தனியாக வரும். காய்கறி ‘கொன்டோர்னோ’ என்று இன்னொரு தட்டில். முதல் சுற்றை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து ஆரம்பித்தால் என்னைப் போன்றவர்களின் பாடு தீர்ந்தது. வாட்டிய மீன், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய், ஒரு கிண்ணம் கீரை. அந்த நம்பிக்கையில்தான் வந்தேன்.

தங்கள் மெனுவில் பச்சை இலை போட்ட ‘லோ கார்ப்’ பக்கம் ஒன்று இருந்ததைப் பார்த்ததும் நம்பிக்கை இரட்டிப்பானது. மெனு எடுத்து வந்த தம்பியிடம் அந்தப் பக்கத்துக்கு என்ன பொருள் என்று கேட்டேன். “எண்ணெய் குறைவாக இருக்கும் மேடம்” என்றார். அங்கேயே எழுந்திருக்க வேண்டும். பிறந்தநாள் பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்கும்போது எப்படி எழுவது?

அதே பக்கத்திலிருந்து மூன்று சொன்னேன். மினஸ்ட்ரோனே சூப்பில் உருளைக்கிழங்குத் துண்டுகளும், அடியில் கொட்டை கொட்டையாகப் பாஸ்தாவும் கிடந்தன. அந்தச் சூப்பில் இரண்டும் போடுவது வழக்கம்தான். அப்படியானால் அது அந்தப் பக்கத்துக்கு எப்படி வந்தது? அடுத்தது தக்காளி, மொட்சரெல்லா, பேசில் இலை மூன்றும் சேர்ந்த காப்ரேசே. அதில் இனிப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் எனக்கு வந்த தட்டில் கறுப்பாக, பாகுபோல் ஒன்றைக் கோலம் போட்டிருந்தார்கள். பால்சமிக் கிளேஸ் என்றார்கள். விரலில் தொட்டுப் பார்த்தேன், வெல்லப் பாகுதான். ஓரமாக வழித்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். இவை இரண்டும் கண்ணுக்குத் தெரிந்த தவறுகள், ஒதுக்கிவிட முடிந்தது.

மூன்றாவது ஒதுக்க முடியாதது: காளான் கிரீம் சாஸ் ஊற்றிய கோழி. சொல்வதற்கு முன்பே தெளிவாகக் கேட்டேன். “தம்பி, இந்த சாஸில் மைதாவோ சோள மாவோ சேர்க்கிறார்களா?” அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, “மாவே கிடையாது மேடம், முழுக்க கிரீம்தான்” என்றார். நம்பிச் சாப்பிட்டேன். பாதியை மிச்சம் வைத்துக் கட்டி வாங்கிக்கொண்டேன்.

வீட்டில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை 241. வழக்கமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 160-ஐத் தாண்டாது. பேரன் ஆசையாக ஊட்டிய ஒரு ஸ்பூன் டிராமிசு இனிப்பையும், ஒதுக்கியது போக வாய்க்குள் போன சூப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். அப்போதும் கணக்கு இடித்தது.

மறுநாள் காலை குளிர்சாதனப் பெட்டியிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தேன். வெண்ணெயும் கிரீமும் மட்டும் இருந்தால் ஆறியபின் கொழுப்பு தனியாக உறைந்து நிற்கும். இது கரண்டியைச் செருகினால் அப்படியே நின்றது. எடுத்தால் நூல் இழுத்தது. தேர்தல் நேரத்தில் தெருவில் வாளியோடு வந்து சுவரொட்டி ஒட்டுவார்களே, அந்தப் பசைதான் நினைவுக்கு வந்தது.

34 ஆண்டுகள் பள்ளி ஆய்வகத்தில் நின்றவள் நான். கையும் சும்மா இருக்கவில்லை. முதலுதவிப் பெட்டியில் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து இருந்தது. மாவுச்சத்தின் மேல் அயோடின் பட்டால் நீலக்கருப்பாக மாறும் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பொருள் சூடாக இருந்தால் நிறம் வராது. இது நன்றாகக் குளிர்ந்திருந்தது. ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் வலப்பக்கம் தங்கள் சாஸ், இடப்பக்கம் கடையில் வாங்கிய கிரீம். இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு. கிரீமில் சொட்டு பழுப்பாகவே நின்றது. சாஸில் விழுந்த சொட்டு, பேனா மை கொட்டியதுபோல் ஒரு நொடியில் கறுத்தது.

தங்கள் பக்கம் ஒரு வாதம் இருக்கலாம். பாஸ்தா வேகவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்துச் சாஸில் சேர்ப்பது இத்தாலியச் சமையலில் உண்டு. அந்தத் தண்ணீரும் அயோடினைக் கறுக்க வைக்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கரண்டித் தண்ணீர், கரண்டியை நிற்க வைக்காது. செவ்வாய்க்கிழமை கிளைக்குத் தொலைபேசியில் பேசியபோது, சமையலறையிலிருந்து ஒருவர், “வெள்ளை சாஸ் என்றால் மைதா வறுக்காமல் எப்படி மேடம்?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவருடைய நேர்மைக்கு நன்றி. சனிக்கிழமை இரவே அந்தப் பதில் வந்திருந்தால் சாஸ் வேண்டாம், எலுமிச்சை பிழிந்து கொடுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

சாஸில் இருந்த மைதா இரண்டு மேசைக்கரண்டி என்று வைத்துக்கொண்டால், மாவுச்சத்து 12 கிராமுக்குப் பக்கம். ஓர் இட்லியை ஒட்டிய அளவு. இதற்கா இவ்வளவு நீளக் கடிதம் என்று நினைப்பீர்கள். இட்லியை நான் தெரிந்து சாப்பிடுகிறேன். சாப்பிட்டால் அடுத்த வேளையில் குறைத்துக்கொள்கிறேன். நான் மாத்திரையோடு இருப்பவள், சமாளித்துவிட்டேன். தட்டில் உள்ள மாவுச்சத்தைக் கணக்கிட்டு இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் தங்கள் ஊழியர் சொல்லும் பதிலை வைத்துத்தான் ஊசியில் மருந்தை ஏற்றுவார்கள். நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளிவந்த ஆய்வை நடத்தியதே நம் சென்னையில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம்தான். தங்கள் மேசைகளில் எங்களைப் போன்றவர்கள் உட்காராத நாளே இருக்காது.

சட்டமும் இருக்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள், ஒவ்வோர் உணவுக்கும் கலோரி அளவை மெனுவில் போட வேண்டும். கோதுமை, பால் போன்ற ஒவ்வாமைப் பொருட்களையும் காட்ட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் விதி. தங்களுக்கு 14 கிளைகள் என்று மெனுவின் பின்னட்டையே சொல்கிறது. அந்தக் கோழிக்கு எதிரே கலோரி போட்டிருந்தது, பால் குறி இருந்தது, கோதுமைக் குறி இல்லை. மைதா கோதுமையில்தானே வருகிறது?

காய் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோழியோடு வரும் உருளைக்கிழங்கு மசியலுக்குப் பதில் காய் கேட்டேன். மூன்று பூ பிராக்கோலி, நான்கு பீன்ஸ் வந்தன. பில்லில் 150 ரூபாய் கூடுதல், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மிலானிலும் காய்க்குத் தனிக் காசுதான், ஆனால் அங்கே ஒரு தட்டு நிறைய வரும். அது போகட்டும், கொடுக்காத உருளைக்கிழங்கின் விலையை யார் கழிப்பது?

நான் கேட்பது இவை. அந்த 150 ரூபாயையும் அதற்கான வரியையும் திருப்பித் தாருங்கள். கோழியின் விலை வேண்டாம். கோழி நன்றாகத்தான் இருந்தது. ‘லோ கார்ப்’ பக்கத்தைச் சமையலறைக்காரர் ஒருவரை உட்காரவைத்து வரிவரியாகத் திருத்துங்கள். அதுவரை அதை மெனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். பரிமாறுபவர்களுக்கு மாவுச்சத்து என்றால் என்ன என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுங்கள். அந்தத் தம்பியின் மேல் எந்த நடவடிக்கையும் வேண்டாம். அவர் மரியாதையாக நடந்துகொண்டார், உள்ளே போய்க் கேட்டும் வந்தார். தவறான பதிலைக் கொடுத்தனுப்பியது தங்கள் சமையலறை.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். மிச்சமிருக்கும் சாஸை மூடிபோட்டு ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். தங்கள் தலைமைச் சமையல்காரர் நேரில் வர விரும்பினால் காலை பத்து மணிக்கு மேல் வரலாம். அயோடின் பாட்டிலில் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், அயோடின் சோதனையின் இரண்டு புகைப்படங்கள்.