போனஸுக்கென்று தனி வரி கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 தீபாவளியை ஒட்டித் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையில், ‘போனஸ் தொகையில் 30 சதவீதம் வரி பிடிக்கப்படும், கூடுதலாகப் பிடித்திருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தனியார் நிறுவனமொன்றில் சம்பளப் பட்டியல் போட்டே ஓய்வு பெற்றவன் நான். போனஸுக்கென்று இந்தியாவில் தனி வரி விகிதம் கிடையாது.

தங்களுக்குத் தெரியாததல்ல, 2025-26 நிதியாண்டுக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192ஆம் பிரிவு, ஊழியரின் ஓராண்டுச் சம்பளத்தை மதிப்பிட்டு, அதற்கான வரியைக் கணக்கிட்டு, சராசரி விகிதத்தில், அதாவது ஆண்டு வரி ஆண்டுச் சம்பளத்தில் எத்தனை சதவீதமோ அந்த விகிதத்தில், பிடிக்கச் சொல்கிறது. போனஸும் சம்பளம்தான். அது வந்ததும் ஆண்டு மதிப்பீட்டைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான். 30 சதவீதம் என்பது, விலக்குகளும் விகிதங்களும் குறைந்த புதிய வரி முறையில் 24 லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கான அடுக்கு. போனஸ் போன்ற தொகைக்குத் தனியாக ஒரே விகிதம் வைத்துப் பிடிக்கும் முறை அமெரிக்காவில் உண்டு. அங்கேகூட அது பொதுவாக 22 சதவீதம்தான். கட்டுரையாளர் எதைப் பார்த்து எழுதினார்?

மாதம் 40,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5,20,000. புதிய முறையில் அவருக்கு வரி ஒரு ரூபாய்கூட வராது. தங்கள் கட்டுரையை நம்பி ஒரு நிறுவனம் 12,000 ரூபாயைப் பிடித்துவிட்டால், அடுத்த ஆண்டு அவர் ரிட்டர்ன் போட்டுக் காத்திருக்க வேண்டும். ரிட்டர்ன் போட்டே பழக்கமில்லாதவருக்கு அந்தப் பணம் போனது போனதுதான். ‘திரும்பப் பெறலாம்’ என்று எழுதுவது எத்தனை சுலபம்!

என் மகள் விஷயத்தைச் சொல்கிறேன். மாதச் சம்பளம் 1,05,000. சம்பளக்காரர்களுக்குப் பொதுவாகக் கழிக்கும் நிலையான கழிவு 75,000 போக, வரிக்குரிய வருமானம் 11,85,000. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் வரியை நீக்கும் 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரி இல்லை. அக்டோபரில் ஒன்றரை லட்சம் போனஸ் வந்ததும் வரிக்குரிய வருமானம் 13,35,000 ஆகி, தள்ளுபடி முழுக்கக் கைவிட்டுப் போனது. வரியின் மேல் போடும் செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து ஆண்டு வரி 83,460. இந்தத் தொகையில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அந்த மாதச் சம்பளச் சீட்டில் பிடித்தம் பகுதியில், வருமான வரிக்கு நேராக 83,460 என்று முழுசாக நின்றது. நகைக் கடனைத் திருப்பலாம் என்றிருந்தவளுக்கு போனஸில் மிஞ்சியது 66,540. அவளுடைய நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் கேட்டதற்கு, “போனஸ் என்றால் அப்படித்தான் மேடம், பேப்பரிலேயே போட்டிருக்கிறதே” என்று பதில் வந்ததாம். அந்தப் பேப்பர் தங்களுடையது.

83,460 என்பது அவளுடைய ஆண்டுச் சம்பளத்தில் 6 சதவீதத்துக்கும் குறைவு. பிடித்ததில் கூடுதலோ குறைவோ இருந்தால் அதே நிதியாண்டுக்குள் சரிக்கட்டிக்கொள்ள மேலே சொன்ன 192ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு இடம் கொடுக்கிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 13,910 வரும். எங்கள் சம்பளப் பிரிவில் வருஷா வருஷம் அப்படித்தான் செய்தோம். ஊழியர் இடையில் வேலையை விட்டுப் போய்விட்டால் பாக்கி தன் தலையில் விழுமே என்று நிறுவனம் அஞ்சுவது நியாயம்தான். அதற்குத்தான் கடைசியில் கணக்குத் தீர்க்கும் தொகை இருக்கிறதே, அதில் பிடித்துக்கொள்ளலாம்.

சொல்ல வந்தாயிற்று, மற்றதையும் சொல்லிவிடுகிறேன். 2025 பிப்ரவரி பட்ஜெட்டுக்கு மறுநாள் ‘12 லட்சம் வரை வரி இல்லை’ என்று முதல் பக்கத்தில் போட்டீர்கள். அது தள்ளுபடியால் கிடைக்கும் சலுகை, எல்லையைத் தாண்டினால் 4 லட்சத்துக்கு மேலிருந்தே வரி கணக்காகும் என்று உள்ளே ஒரு பத்தியாவது வேண்டாமா? அந்த ஒரு பத்தி வந்திருந்தால் என் மகளைப் போன்றவர்கள் ஏப்ரலிலேயே தயாராகியிருப்பார்கள். தமிழக அரசின் பொதுத்துறை ஊழியர்களுக்கு 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை என்று கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். ஆனால் கேள்வி பதில் பகுதியில் கருணைத் தொகைக்கு வரி இல்லை என்று பதில் வந்தது. பெயரில் கருணை இருந்தாலும் முதலாளி கொடுப்பது சம்பளக் கணக்கில்தான் சேரும். அன்றே விளக்கி எழுதினேன். பிரசுரமாகவில்லை. பிரசுரிப்பது தங்கள் விருப்பம். ஆனால் தவறையாவது திருத்தியிருக்கலாம். பழைய வாசகன் என்ற உரிமையில் இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதில் புதிய வருமான வரிச் சட்டம். அதில் பிரிவு எண்களெல்லாம் வேறு. சம்பளப் பிரிவுகளில் குழப்பம் இன்னும் கூடும். இந்த நிலையில் தாங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். போனஸுக்கு 30 சதவீதம் பிடிப்பார்கள் என்ற அந்த வாக்கியம் தவறு என்று, அதே வணிகப் பக்கத்தில், கண்ணில் படும் அளவில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இடமிருந்தால் மேலே சொன்ன 40,000 ரூபாய்க் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள். சம்பளச் சீட்டோடு அலுவலகத்துக்குப் போகிறவர்கள் கையில் காட்ட அதுவாவது இருக்கட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற சம்பளப் பிரிவு ஊழியர்