ஒற்றை வரித் திருத்தத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில், ஒரு யூஎஸ்பி சென்சாரை இயக்கும் நிரலுக்கு, அதாவது அதன் டிரைவருக்கு, போன வாரம் என் பெயரில் ஒரு பேட்ச் (திருத்தம்) சேர்ந்தது. ஒரு வரி போய் இன்னொரு வரி வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பத்து வாரம் ஆனது. வாழ்த்துகள் எனக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவை யாருக்குப் போக வேண்டும் என்று எழுதிவிடுகிறேன்.

முதலில், பிழையைத் தெரிவித்த முகம் தெரியாத நண்பருக்கு. சென்சாரைப் பிடுங்கும்போது எப்போதாவது ஒரு முறை கணினி அப்படியே நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் நம்பவில்லை. நீங்கள் அனுப்பிய க்ராஷ் பதிவில் எங்கள் டிரைவரின் பெயரே இல்லை. கெர்னலின் பொதுவான டைமர் பகுதியில்தான் விழுந்திருந்தது. 'எங்கள் பக்கம் தப்பில்லை' என்று கைகழுவப் பார்த்தேன். நீங்கள் கோபித்துக்கொள்ளாமல், கேசன் என்ற மெமரிப் பிழை பிடிக்கும் வசதியோடு கெர்னலை மறுபடி கம்பைல் செய்து, மூன்று நாள் செருகிப் பிடுங்கி, இன்னொரு பதிவை அனுப்பினீர்கள். மெமரியின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் கணக்கு வைத்துக்கொண்டு, விடுவித்துவிட்ட மெமரியைத் தொடுபவரைப் பிடித்துக் கொடுப்பது கேசன். அந்த மெமரியை ஒதுக்கியது யார், விடுவித்தது யார் என்பதையும் அது காட்டும். இரண்டு இடத்திலும் எங்கள் டிரைவர்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நடந்தது இதுதான். டிரைவரில் ஒரு டைமர், 100 மில்லி விநாடிக்கு ஒரு முறை அடிக்கும். டைமருக்குள் காத்திருக்கக் கூடாது, யூஎஸ்பியில் படிப்பதற்கோ காத்திருக்க வேண்டும். அதனால் டைமர் அந்த வேலையை (ஒர்க்) ஒர்க்-கியூவில், அதாவது காத்திருக்க அனுமதியுள்ள வேலைகளின் வரிசையில், போடும். வேலை முடிந்ததும் அது டைமரை மறுபடி முடுக்கிவிடும். கருவியைப் பிடுங்கினால் முதலில் டைமரை நிறுத்துகிறோம், அப்புறம் ஒர்க்கை ரத்து செய்கிறோம், அப்புறம் மெமரியை விடுவிக்கிறோம். படிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. என் அக்கா வீட்டு இரட்டைக் குழந்தைகளைப் பார்த்திருந்தால் ஒழுங்காகத் தோன்றியிருக்காது: ஒன்றைத் தூங்க வைத்துவிட்டு மற்றதிடம் போவதற்குள் அது இதை எழுப்பிவிடும். ஒரு சிபியு டைமரை நிறுத்திய அடுத்த நொடியில், இன்னொரு சிபியுவில் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒர்க் அதை முடுக்கிவிடுகிறது. மெமரி போன பிறகு டைமர் அடிக்கிறது.

வரிசையை மாற்றிப் பார்த்தேன். இப்போது டைமர் ஒர்க்கை எழுப்பியது. 'கருவி போய்விட்டது' என்று காட்ட ஒரு கொடி (ஆம்/இல்லை என்று குறிக்கும் மாறி) வைத்தேன். அதைப் பார்த்த எங்கள் அணியின் மூத்தவர், "இடைவெளியைக் குறுக்கியிருக்கிறாய், அடைக்கவில்லை" என்றார். கொடியைப் பார்ப்பதற்கும் டைமரை முடுக்குவதற்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதே! ஐயா, உங்களுக்கு இரண்டாவது நன்றி. 6.2 கெர்னலில், 2023 பிப்ரவரியில் வந்த 'டைமர்_ஷட்டவுன்_சின்க்' என்ற ஃபங்ஷனை எடுத்துக் காட்டியது நீங்கள்தான். ஓடிக்கொண்டிருக்கும் டைமர் முடியும்வரை அது காத்திருக்கும். அதன் பிறகு யார் முடுக்கினாலும் டைமர் சத்தமில்லாமல் மறுத்துவிடும். இதே சிக்கலுக்காகவே கெர்னல் நிரலாளர்கள் தாமஸ் கிளைக்ஸ்னரும் ஸ்டீவன் ரோஸ்டெட்டும் உழைத்துக் கொண்டுவந்த ஏற்பாடு. பழைய வரிசையே போதும், முதல் வரியில் ஃபங்ஷன் பெயர் மட்டும் மாறியது.

சோதனைக்கூடத்துத் தம்பிக்கு மூன்றாவது நன்றி, ஒருவேளை இதுதான் பெரியது. நான் பிரிண்ட் வரி ஒன்று சேர்த்தாலே பிழை ஒளிந்துகொள்ளும். அது நேரத்தைக் கொஞ்சம் நகர்த்திவிடுகிறது, அவ்வளவு மெல்லிய இடைவெளி. நீ எதிர்த் திசையில் யோசித்தாய்: டைமரை முடுக்கும் வரிக்கு முன்னால் வேண்டுமென்றே ஒரு தூக்கம் (தாமதம்) போட்டு, இடைவெளியை அகலப்படுத்தினாய். வாரத்துக்கு ஒரு முறை வந்த க்ராஷ் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை வந்தது. டிரைவரைக் கழற்றி மாட்டும் உன் ஸ்கிரிப்ட் இரவு முழுக்க ஓடி, காலையில் கேசன் வாயே திறக்காமல் இருந்தபோதுதான் பேட்ச்சை அனுப்பும் தைரியம் வந்தது.

கெர்னலின் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்து, என் பேட்ச்சை இரண்டு முறை திருப்பி அனுப்பிய பராமரிப்பாளருக்கும் நன்றி. எந்த சிபியுவில் எது முதலில் என்று நேரவரிசைப்படி எழுதச் சொன்னீர்கள். எந்தப் பழைய மாற்றத்தால் பிழை வந்தது என்று குறிப்பிடவும் சொன்னீர்கள். தோண்டிப் பார்த்தேன். அந்த டைமரைச் சேர்த்ததே நான்தான், நான்கு வருடத்துக்கு முன்னால். அதையும் எழுதித்தான் அனுப்பினேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குத் தனி நன்றி.

தம்பி, நீ கொடுத்த சென்சாரைத் திங்கள்கிழமை திருப்பித் தருகிறேன். ப்ளக் கொஞ்சம் ஆடுகிறது. காரணம் உனக்கே தெரியும்.