நூல் வருவதற்கு முன் கட்டுத்துணி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'யானைக்காலுக்கு மருந்து வந்துவிட்டது, ஒரு நூலை உள்ளே வைத்தால் போதும்' என்று எங்கள் குடியாத்தம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. விஷயம் உண்மைதான், ஆனால் பாதி மட்டும். அதை நம்பி யாரும் காலைக் கழுவிக் கட்டுவதை நிறுத்திவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

அந்த நூலின் பெயர் பயோபிரிட்ஜ். பன்றியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த கொலாஜன் (தோலுக்கு வலு தரும் புரதம்), அதன் நுண்ணிழைகள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருக்கும். நிணநீர்ப் பாதை, அதாவது உடல் திசுக்களில் சேரும் நீரை வடிக்கும் குழாய், அறுந்துபோன இடத்திலிருந்து நல்ல பாதை இருக்கும் இடம் வரை தோலுக்கடியில் இதை வைத்தால், பாகற்கொடி கயிற்றைப் பற்றி ஏறுவது போலப் புதிய நிணநீர்க் குழாய்கள் அதை ஒட்டி வளர்கின்றன. பன்றிகளில் செய்த ஆய்வு 2016-ல் வெளியானது, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்களுக்கும் அதில் பங்குண்டு. அப்புறம் மனிதர்களிடம் நடந்த ஆராய்ச்சி பெரும்பாலும் மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பெண்களின் கை வீக்கத்தைப் பற்றியதுதான். யானைக்கால் வேறு. புழு பல வருடம் குழாய்களுக்குள்ளேயே கிடந்து அவற்றைக் கெடுத்து, தோலும் தடித்துப் போன கால் அது. கொடி கிளம்ப எங்காவது உயிருள்ள வேர் வேண்டாமா? கையில் பலித்தது காலிலும் பலிக்கும் என்று இப்போதே சொல்வது சரியில்லை. நூல் வைத்தவர்களும் துணியால் அழுத்திக் கட்டுவதை விட்டுவிட முடியாது.

என் அப்பா லுங்கி நெசவாளி, அவருக்கு யானைக்கால். நெறி கட்டிக் குளிர்காய்ச்சல் வந்தால் தறி நின்றுவிடும், கால் இன்னும் ஒரு சுற்று பெருத்துவிடும். டி.இ.சி. மாத்திரை புழுவுக்கானது, வீங்கிய காலை அது வற்ற வைக்காது, இதைக்கூட பல வருடம் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கடைசியில் ஒரு நர்ஸம்மாதான் உட்கார வைத்துக் காட்டினார்: தினமும் சோப்புப் போட்டுக் கழுவு, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடை, வெடிப்பிலும் சேற்றுப்புண்ணிலும் களிம்பு தடவு, பாதத்திலிருந்து மேலே கட்டு, படுக்கும்போது காலை உயர்த்தி வை. கிருமி நுழைவது அந்த வெடிப்பு வழியாகத்தான். காய்ச்சல் குறைந்தது, தறியும் ஓடுகிறது.

கட்டுத்துணியும் அழுத்தக் காலுறையும் சில மாதங்களில் இழுவை போய்விடும், திரும்பத் திரும்ப வாங்க வேண்டும். கூலி வாங்கும் வீட்டுக்கு அது பெரிய செலவு. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பிசியோதெரபியும் உண்டு. அதே பையில் இந்தக் கட்டுத்துணியும் களிம்பும் வரட்டும், வருகிறவருக்குக் கட்டவும் சொல்லிக்கொடுக்கட்டும். கை வீக்கத்துக்கும் ஒன்று சொல்கிறேன்: மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு கைகளையும் டேப்பால் அளந்து எழுதிவைத்து, பிறகும் விடாமல் அளந்தால் வீக்கத்தை ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம், அதற்கு டேப் தவிர வேறு செலவே இல்லை.

நூல் ஆராய்ச்சியும் வேண்டும், நம் ஊர்க் கால்களை வைத்தே வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிலின் மூலப்பொருளே கொலாஜன்தான், சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இருக்கிறது. நம் மாவட்ட மருத்துவர்களோடு அவர்கள் சேர்ந்து யானைக்காலுக்கென்று தனியாக ஆய்வு செய்யலாம். அதுவரை காத்திருக்காமல் கட்டுத்துணியை இந்த வருடமே கொடுக்க வேலூர் மாவட்ட நிர்வாகமும் சுகாதாரத் துறையும் முன்வர வேண்டும்.

– ஒரு வாசகர், குடியாத்தம்