பிளக் வயரும் அருமனைத் தோட்டமும்

ஆல்பர்ட்டா, கனடா

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மகன் எழுதுவது. நான் இங்கே நலம். உங்கள் அனைவரின் நலத்திற்காகவும் ஜெபிக்கிறேன்.

அப்பா எழுதிய கடிதம் கிடைத்தது. இத்தனை மாதங்களாக நான் எழுதாமல் இருந்ததைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல், தம்பியின் மாருதி ஆம்னி வேன் மழைக்கு நின்றுபோவதையும், அதை விற்றுவிட்டுப் புது வண்டி எடுக்க அருமனைத் தோட்டத்தை ஈடு வைக்கலாம் என்று அவன் சொல்வதையும், நான் லாரி வாங்கிவிட்டதாகத் திங்கள்சந்தை மாமா ஊரெல்லாம் சொல்லித் திரிவதையும் மட்டும் எழுதியிருந்தீர்கள். நேராகத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

மாமாவிடம் சொல்லுங்கள், அது லாரி அல்ல. முன்னால் மூன்று பேர் உட்காரும் கேபினும் பின்னால் திறந்த பெட்டியும் உள்ள 1994ஆம் ஆண்டின் செவ்ரோலெட் பிக்கப். இந்த நாட்டில் நிறையப் பேர் இப்படி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதன் பிளக்கையும் வயரையும் நானே மாற்றினேன். "லாரிக்கு எதற்கடா பிளக்கும் வயரும்?" என்று நீங்கள் கேட்டால் அது நியாயமே. நீங்கள் காலமெல்லாம் ஓட்டிய லேலண்ட் லாரியில் காற்றை அழுத்திய சூட்டிலேயே டீசல் பற்றிக்கொண்டது. இது பெட்ரோல் வண்டி, பிளக்கில் விழும் பொறிதான் பெட்ரோலைப் பற்றவைக்கவேண்டும்; 5.7 லிட்டர் என்ஜினில் எட்டு சிலிண்டர், எட்டு பிளக். பேட்டரியின் வோல்ட்டை உயர்த்தும் காயிலில் பிறக்கும் மின்சாரம் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறி, ஒரு வயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டருக்கு வந்து, அங்கே சுழலும் ரோட்டர் அதை முறைப்படி எட்டு வயர்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. இந்தப் பாதையில் எங்கே மின்சாரம் ஒழுகினாலும் சிலிண்டர் சரியாக எரியாமல் வண்டி மிஸ் அடிக்கும்.

இந்தக் குளிர்காலத்தில் அதுதான் நடந்தது. மைனஸ் முப்பது வரை இறங்கும் ஊரில் ராத்திரி வண்டியை நிறுத்தினால், அதன் முகப்பிலிருந்து தொங்கும் மின்கம்பியைச் சுவரில் செருகி என்ஜினைச் சூடாக வைக்கவேண்டும் என்று சொன்னால் அம்மா நம்பமாட்டார்கள். பேட்டரி மேல் குளிரில் இத்தனை ஆம்பியர் தரும் என்று அச்சிட்டிருப்பார்களே, அந்த அளவை மைனஸ் 18 டிகிரியில்தான் எடுக்கிறார்கள். அதற்கும் கீழே போகும்போது பேட்டரி தளர்ந்து, ஆயிலும் இறுகி, ஸ்டார்ட்டர் மோட்டாரே பெரும்பங்கு மின்சாரத்தை இழுத்துக்கொள்வதால் காயிலுக்குக் கிடைப்பது குறைவு. அந்த நேரத்தில் பழைய வயரும் சேர்ந்து கசியவிட்டால் வண்டி எப்படிக் கிளம்பும்?

பக்கத்து வீட்டுக் கிழவர்தான் நோயைக் கண்டுபிடித்தார். 1890களில் இங்கே வந்து குடியேறிய உக்ரைன்காரர்களின் வழிவந்தவர். ஓடாத பழைய வண்டிகளைத் தோட்டத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார். பனி கொட்டும்போதும் தொப்பி போடாமல் மண்வெட்டியோடு நிற்பார். எத்தனை முறை அழைத்தாலும் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார். உருளைக்கிழங்கைப் பூரணமாக வைத்து அவித்த, நம் கொழுக்கட்டை போன்ற ஒரு பண்டத்தைத் தட்டில் மூடி வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அவர் ஒரு ராத்திரி விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லி, என்ஜின் ஓடும்போது வயர்களின் மேல் தண்ணீரைப் பூப்போலத் தெளித்தார். இருட்டில் இரண்டு மூன்று இடங்களில் நீலப்பொறி பறந்தது. எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் மலிவான செட் ஒன்றை வாங்கிப் போட்டு, அதைப் புகைக்குழாய் மேலேயே சாய்த்தும் விட்டிருந்தார். வயர் முனையில் பிளக்கை மூடும் ரப்பர் உறையான பூட் கருகி விறைத்துப்போயிருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் விடாமல் நானே மாற்றினேன். பணத்துக்காக அல்ல, தற்போது வேலை நேரம் சற்றுக் குறைவாக இருப்பதால் ஓய்வு நிறையக் கிடைக்கிறது, கையும் சும்மா இருக்க விரும்புவதில்லை. தம்பிக்கும் பயன்படும் என்பதால் எதை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று விவரமாக எழுதுகிறேன். கடிதத்தை அவனிடமே கொடுங்கள்.

கடையில் ஏழு, எட்டு, எட்டரை மில்லிமீட்டர் என்று வயர் அடுக்கி வைத்திருப்பார்கள். தடித்த வயர் அதிக மின்சாரம் கொண்டுபோகும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பவேண்டாம். அந்தத் தடிப்பில் பெரும்பகுதி மேலுறைதான். சிவப்பும் நீலமுமாகப் பளபளக்கும் வயர் கல்யாண வீட்டு அலங்காரத்துக்குத்தான் ஆகும். பார்க்கவேண்டியது இரண்டு: மேலுறை சூட்டைத் தாங்கும் சிலிக்கோனா, உள்ளே இருப்பது என்ன. வெறும் செம்புக் கம்பி உள்ள வயர் ரேடியோவில் இரைச்சலை உண்டாக்கும், வண்டியில் கம்ப்யூட்டர் இருந்தால் அதையும் குழப்பும். அதனால் கார்பன் உள்ளீடோ சுருள் கம்பியோ உள்ளதைத்தான் எடுக்கவேண்டும். நான் சுருள் கம்பி எடுத்தேன். கார்பன் நாளாக நாளாக உள்ளே அறுந்துபோகிறது, வெளியே பார்த்தால் தெரியாது. மல்ட்டிமீட்டரில் மின்தடையை ஓம் கணக்கில் அளந்துதான் கண்டுபிடிக்க முடியும். வண்டிக்கென்றே நீளம் வெட்டி வரும் செட்டை வாங்குவது நல்லது, பொதுவாக எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்பது எதற்கும் சரியாகப் பொருந்துவதில்லை.

வயரை மட்டும் மாற்றிவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான பழைய கேப்பையும் ரோட்டரையும் விட்டுவைப்பது பாதி வேலை. கேப்பின் உள்முனைகள் அலுமினியமாக இருந்தால் ஈரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். பித்தளை முனை உள்ளது விலை கொஞ்சம் கூடுதல், ஆனாலும் அதைத்தான் வாங்கவேண்டும். பிளக்கைப் பொறுத்தவரை பிளாட்டினமும் இரிடியமும் அதிக நாள் உழைக்கும் என்பது உண்மை, ஆனால் இந்தப் பழைய என்ஜினுக்குச் சாதாரணச் செம்பு பிளக்கே போதும் என்பது என் அபிப்பிராயம். பிளக் முனையில் பொறி தாண்டும் இடைவெளி 0.035 அங்குலம், அதாவது 0.9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும், காயிலை இயக்கும் சின்ன எலக்ட்ரானிக் பாகமான இக்னிஷன் மாடியூலைக் கழற்றினால் அடியில் சூடு கடத்தும் பசையைப் புதிதாகத் தடவித்தான் திரும்ப மாட்டவேண்டும், இல்லையென்றால் வெந்து செத்துவிடும்.

கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்கக்கூடாது. பூட்டைப் பிடித்து முதலில் திருகி இளக்கவேண்டும். ஒன்றைக் கழற்றி அதன் இடத்தில் புதியதை மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடவேண்டும், இல்லாவிட்டால் வரிசை மாறிவிடும். இந்த என்ஜினில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. இதில் 5, 7 என்ற எண்ணுள்ளவை பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள், ஒன்றன்பின் ஒன்றாகவும் எரிகின்றன. அவற்றின் வயர்களை ஒட்டி இணையாக ஓடவிட்டால் ஐந்தின் மின்சாரம் ஏழின் வயரிலும் தூண்டப்பட்டு, நேரம் வருமுன்பே அங்கே பொறி விழும். கிழவர் இதைச் சொல்லி இரண்டையும் தள்ளித் தள்ளிக் கிளிப்பில் மாட்டவைத்தார். புது பிளக்கைத் துண்டு ரப்பர் குழாயில் செருகி விரலால் திருகி இறக்கினால் மரை கெடாது என்பதும் அவர் காட்டியதே.

கருகிய பூட்டுகளைக் கழற்றிப் போட்டபோது கிளம்பிய வாடை நம் புகைப்புரை வாடை அல்ல. ஆனாலும் எனக்கு ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்திய நாட்கள் நினைவுக்கு வந்துவிட்டன. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அப்பாவோடு பால் வெட்டப் போனதும், திரும்பி வரும்போது அம்மா மரச்சீனிக் கிழங்கு அவித்துச் சாளைக் குழம்போடு வைத்திருந்ததும் நினைவுக்கு வந்து, கையில் கிரீஸோடு அப்படியே நின்றுவிட்டேன். இங்கேயும் மரச்சீனி உறைந்த பாக்கெட்டில் கிடைக்கிறது. வாங்கி அவித்துப் பார்த்தேன். மட்டிப்பழம் எந்தக் கடையிலும் இல்லை. தனியாகச் சமைத்தால் எதிலும் அளவு சரியாக வருவதில்லை, அவ்வளவுதான். நீங்கள் வேறு எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி தோட்ட விஷயம். மழையில் நிற்கிறது, வெயிலில் ஓடுகிறது என்றால் ஆம்னியின் என்ஜின் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. பெரும்பாலும் கேப்புக்குள் ஈரம் கோர்த்திருக்கும், அல்லது வயர் கசியும். அது கார்புரேட்டர் வண்டி, மூன்று சிலிண்டர்; பிளக் வயர் மூன்று, காயில் வயர் ஒன்று, ஒரு கேப், ஒரு ரோட்டர், மூன்று பிளக். மார்த்தாண்டத்தில் நல்ல ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கம்பெனிப் பொருளாகக் கேட்டு, பில் போட்டு வாங்கச் சொல்லுங்கள். மாட்டுவதற்கு முன் ராத்திரியில் தண்ணீர் தெளித்து அவனே ஒருமுறை பார்க்கட்டும். பூட்டுக்குள் மின்கடத்தாத சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் தடவினால் நம் ஊரில் ஆனியிலும் ஐப்பசியிலும் பெய்யும் இரண்டு மழைக்கும் தாங்கும். இத்தனையும் செய்த பிறகும் நின்றால் அப்போது விற்பதைப் பற்றிப் பேசலாம்.

அதுவரை பத்திரத்தை யாரும் வங்கிக்குக் கொண்டுபோகக்கூடாது. தோட்டம் அம்மா பெயரில் இருக்கிறது, அதில் கீழ்ப்பக்கம் அக்காவுக்கென்று நாம் வாக்குக் கொடுத்தது. அத்தானிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஈடு வைத்தால் கருங்கல் வீட்டில் நாம் எந்த முகத்தோடு போய் நிற்பது? ரப்பர் விலை இருக்கும் இருப்பில் தவணையைத் தோட்ட வருமானத்தில் கட்டுவேன் என்று தம்பி சொல்வதும் கணக்குக்கு வராத பேச்சு. மீதிக்கு நான் அனுப்புவேன் என்று அவன் நினைத்திருக்கலாம். மொத்தமாக அனுப்புவதைவிட மாதாமாதம் பிரித்து அனுப்புவதே இங்கிருந்து சௌகரியம், அதனால் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கான பணத்தை இரண்டு தடவையாக அனுப்புகிறேன். முதல் பாதி இந்த மாதக் கடைசிக்குள் அப்பாவின் கணக்கில் வரும். ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம்.

தீர்வை கட்டிய ரசீதையும் பட்டாவின் நகலையும் தம்பியிடம் சொல்லிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதோடு ஆம்னியின் கேப்பைக் கழற்றி உட்பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால், முனை பூத்திருக்கிறதா, உள்ளே மின்சாரம் கசிந்த தடமாகக் கரிக்கோடு ஓடியிருக்கிறதா என்று பார்த்து எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்