ஒயருக்குக் காசு பார்க்காதே

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. காருக்குப் பின்னால் மாட்டி, போன இடத்தில் தங்கிக்கொள்ள நீயும் ஒரு ட்ரெய்லர் வாங்கிவிட்டாய் என்று படித்ததும் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். "புதுச்சேரிக்காரன் சொன்னபடி செஞ்சிட்டானே" என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ட்ரெய்லருக்குள் எந்த பேட்டரி வாங்கி வைக்கலாம் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். ஒயரைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் பட்டதெல்லாம் அங்கேதான், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வண்டி ஓடும்போதே ட்ரெய்லர் பேட்டரி சார்ஜ் ஆக, ஒரு தடவை நான் போட்டது 4 ஸ்கொயர் எம்.எம். தடிமன் ஒயர். இன்ஜின் பேட்டரியிலிருந்து ட்ரெய்லர் பேட்டரிக்கு 7 மீட்டர், போக வர 14 மீட்டர். 20 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒயர் மட்டும் 1.2 வோல்ட்டைத் தின்றுவிடும். முன்னால் 14.2 இருந்தாலும் பின்னால் போய்ச் சேருவது 13 வோல்ட்தான். ஈய பேட்டரிக்கு அது எந்த மூலைக்கு? திருவண்ணாமலை வரைக்கும் ஓட்டிப்போயும் பேட்டரி பாதிகூட ஏறவில்லை. நடுராத்திரியில் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. அப்புறம் 16 ஸ்கொயர் ஒயராக மாற்றினேன். இழப்பு 0.3 வோல்ட்டாகக் குறைந்தது.

அதைவிட மோசம், அதற்கும் முன்னால் மைனஸுக்குத் தனி ஒயர் இழுக்காமல் பாடி எர்த்தை, அதாவது வண்டியின் இரும்பு உடம்பையே, நம்பியது. ட்ரெய்லரில் எர்த் எங்கே இருக்கிறது? கொக்கியில் பெயின்ட்டும் துருவும். அதனால் அத்தனை ஆம்பியரும் பின்விளக்கு பிளக்கில் இருக்கும் மெல்லிய எர்த் ஒயர் வழியாகத் திரும்பியிருக்கிறது. திண்டிவனம் தாண்டி வண்டியை நிறுத்தியபோது பிளக் உருகி வாடை வந்தது. உள்ளே என் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. நீ பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒரே தடிமனில் இழுத்துவிடு.

ஃபியூஸ் இரண்டு பக்கமும் வேண்டும், செல்வம். இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. ஒயர் நடுவில் உரசினால் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் பாயும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கட்டும்.

உன் வண்டி புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பி.எஸ்.6. அந்த வண்டிகள் பலவற்றில், இன்ஜின் பேட்டரி நிரம்பியதும், அதை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் வோல்ட்டேஜைக் குறைத்துவிடும். இரண்டு பேட்டரியையும் இணைக்க வெறும் ரிலே சுவிட்ச் போட்டால் உனக்கு வேலைக்கு ஆகாது. குறைந்த வோல்ட்டேஜையும் ஏற்றிக் கொடுக்கும் டி.சி. டு டி.சி. சார்ஜர் வாங்கி, ட்ரெய்லர் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வை. சாவி போட்டால்தான் அது வேலை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

பேட்டரி லித்தியமே வாங்கு. 100 ஆம்பியர்-ஹவர் என்றால் 1280 வாட்-ஹவர். கிட்டத்தட்ட முழுவதையும் பயன்படுத்தலாம். ஈய பேட்டரியில் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும். வீட்டில் கரண்டில் சார்ஜ் செய்யும்போது, லித்தியத்துக்கென்று இருக்கும் சார்ஜரை மட்டும் போடு. வீட்டு இன்வெர்ட்டரில் கொடுத்துவிடாதே.

நம்ம ஊர் உப்புக்காற்று உனக்குத் தெரியும். வெள்ளீயம் பூசிய தாமிர ஒயராகக் கேட்டு வாங்கு. ஒயர் முனையில் லக் என்கிற தாமிர வளையம் அடித்து, மேலே சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, முனைகளில் வாஸ்லின் தடவு. சாதாரணத் தாமிரம் தேவனாம்பட்டினம் கரையோரம் ஒரு மழைக்காலம் நின்றாலே உள்ளே பச்சை பூத்துவிடுகிறது.

இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. 2011 தானே புயலில் நாள் கணக்காகக் கரண்ட் இல்லாமல், அம்மாவின் இன்சுலினை மண்பானைத் தண்ணீரில் வைத்துக் காப்பாற்றினோமே, நீதான் பானை கொண்டுவந்தாய். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் உங்கள் பக்கம் கரையைக் கடந்தபோது இங்கேயும் கரண்ட் போய்விட்டது. இந்தத் தடவை வாசலில் ட்ரெய்லர் நின்றது. சின்ன ஃபிரிட்ஜ் இரண்டு நாள் ஓடியது, இன்சுலின் கெடவில்லை. அம்மா ராத்திரி எழுந்து எழுந்து ஃபிரிட்ஜின் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு வந்து படுத்தாள்.

ஒயரை வாங்கிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ட்ரெய்லரோடு வந்துவிடு. லக் அடிக்கும் கருவி என்னிடம் இருக்கிறது. தங்கச்சியையும் கூட்டி வா, மத்தி மீன் குழம்பு வைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
முருகன்