கவாத்துக் கத்தியை வைத்துவிட்டு

கோத்தகிரி,
புதன்கிழமை இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. ஸ்தோத்திரம். நானும் அம்மாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை. "நான் என்னப்பா தப்பு செஞ்சேன், ஆண்டவர் ஏன் இப்படி அடிக்கிறார்?" என்றாய். வேலை போய் ஐந்து மாதம், நிச்சயம் பண்ணின கல்யாணமும் தள்ளிப்போயிருக்கிறது. கேட்கத்தான் செய்வாய்.

மூன்று நாளாக மேல்காட்டில் தேயிலைச் செடிகளின் கிளை வெட்டும் கவாத்து வேலை. கத்தி பிடித்த கை இன்னும் நடுங்குகிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை வெட்ட வேண்டிய செடியை நான் எட்டு வருஷம் விட்டுவிட்டேன். வெட்டினால் மூன்று மாதம் இலை வருமானம் கிடையாதே. செடி மார்பளவு ஏறிவிட்டது. தூரத்தில் பார்த்தால் பச்சைப்பசேல் என்றிருக்கும், கிட்டே போனால் பாதிக்குப் பாதி பஞ்சி, அதாவது நுனி மொட்டு தூங்கிப்போய் இலை முற்றி நிற்கும். ஃபாக்டரியில் ஒடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள்.

உன் தாத்தா இலங்கையிலிருந்து, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்தவர். கடைசி வரை 'கவ்வாத்து' என்றுதான் சொல்வார். வெட்டினதும் வெட்டுவாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். பட்டை கிழிந்திருந்தால் தண்ணீர் இறங்கிக் கட்டை அழுகும். அதனால் ஒரே இழுப்பில், சாய்வாக வெட்ட வேண்டும். அப்புறம் பாசியைத் தேய்த்து எடுத்து, வெட்டின இடத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை பூச வேண்டும். வெட்டிப்போட்ட வாதுகளை அந்தச் செடியின் மேலேயே பரப்பி மூடுவோம், வெயிலில் பட்டை வெந்துபோகக் கூடாது என்று.

இதெல்லாம் வெட்டின பிறகு. வெட்டுவதற்கு முன்னால் வேரைப் பார்க்க வேண்டும். பென்சில் கனத்தில் ஒரு வேரை அறுத்து அயோடின் விட்டால் கருநீலமாக மாற வேண்டும். மாறாவிட்டால் உள்ளே மாவுச்சத்து இல்லை, கொஞ்ச நாள் கொழுந்து எடுக்காமல் செடியை ஓய்வாக விட வேண்டும். இலை இல்லாமல் நிற்கிற செடி துளிர்க்கிற வரைக்கும் வேரில் இருப்பதைத்தானே சாப்பிடும்? ஒரு வறண்ட வருஷம், யார் மேலோ இருந்த கோபத்தில், எதையும் பார்க்காமல் வெட்டினேன். முப்பது செடி கட்டையாகவே நின்று செத்தது. அந்த இடம் இன்னும் காலிதான்.

அப்படி வெட்டுகிறவன் கையில்தான் நீயும் வளர்ந்தாய். நீ பத்தாவது படிக்கும்போது அறுப்பின் பண்டிகை ஏலப் பணத்தில் முன்னூறு ரூபாய் குறைந்தது நினைவிருக்கிறதா? தேயிலைக் குச்சியால் அடித்தேன். நாலு நாள் கழித்து அந்தப் பணம் என் ஸ்வெட்டரின் உள்பையிலேயே இருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை. வர்க்கி வாங்கி வந்து உன் மேஜையில் வைத்தேன். நீ தொடவில்லை.

எபிரெயர் 12-ஐ எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். கர்த்தர் அன்புகூருகிறவனைச் சிட்சிக்கிறார் என்கிற 6-ஆம் வசனம் எனக்கு மனப்பாடம், உன்னை அடித்த அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன். 10-ஆம் வசனத்தில் நின்றதே இல்லை. பூமியின் தகப்பன்மார் "தங்களுக்கு நலமென்று தோன்றினபடி" சிட்சித்தார்கள், இவரோ "நம்முடைய பிரயோஜனத்துக்காகவே" என்று இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் அதைத் தாண்ட முடியவில்லை. ஆண்டவர் அடிக்கிறார் என்று நீ சொல்லும்போது உன் கண்ணில் தெரிவது என் குச்சிதானோ?

உன் வேலை போனது ஆண்டவர் கையா, கம்பெனிக்காரன் கணக்கா, எனக்குத் தெரியாது. நம் சபையில் சிலர் அடுத்தவன் கஷ்டத்துக்கு உடனே வசனம் எடுத்துக் கொடுப்பார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. ஆனால் யோவான் 15-இல் கனிகொடுக்கிற கொடியைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறது. அதிகமாகக் கனி கொடுக்க அதைச் "சுத்தம்பண்ணுகிறார்" என்று. கிரேக்க மூலத்தில் அந்தச் சொல்லுக்குச் சுத்தம்பண்ணுவது, கிளை கழிப்பது இரண்டு அர்த்தமும் வரும் என்று ஆயர் சொன்னார். பாசி தேய்க்கிறவனுக்கு இது புதிதில்லை. தப்பு செய்ததற்காக எந்தச் செடிக்கும் கவாத்து கிடையாது.

போன வருஷம் வரை சம்பளம், பாடகர் குழு, வாலிபர் கூட்டம் என்று எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. போன் எடுத்தால் "அப்புறம் பேசறேன்மா" என்று வைத்துவிடுவாய். இப்போது அம்மாவின் முழங்கால் வலியை அரைமணி நேரம் கேட்கிறாய். அவள் அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். ஆவியின் கனி என்று பவுல் எழுதின வரிசையில் நீடியபொறுமையும் வருகிறதே, அது இப்படித்தான் துளிர்க்குமோ என்று நினைத்தேன். சொல்லிவிட்டால் உனக்குக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் எழுதிவிட்டேன்.

அந்த முன்னூறு ரூபாய்க்கு என்னை மன்னித்துவிடு. இத்தனை வருஷம் தள்ளிப்போட்டது தப்பு.

கீழ்காட்டில் இன்னும் நூறு செடி பாக்கி. பாசி தேய்க்க ஆள் கிடைக்கவில்லை. வேலை தேடுகிற வேலை ஒரு வாரம் காத்திருக்குமென்றால் வா. கம்பளியும் பழைய சாக்கும் நான் வைத்திருக்கிறேன். அம்மா கூரியரில் வர்க்கி அனுப்பச் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன், வழியெல்லாம் நொறுங்கிவிடும்.

அப்பா