கையடக்க ஆன்டெனா டியூனர் எதைச் செய்யும், எதைச் செய்யாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கான முன்னேற்பாடுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை ஹாம் எனப்படும் தன்னார்வலர் வானொலிக்கும் சில பத்திகளை ஒதுக்கியிருந்தது கண்டு மகிழ்ந்தேன். அவசரகாலப் பையில் வானொலிக் கருவியுடன் வைத்துக்கொள்ள வேண்டிய, கருவியையும் ஆன்டெனாவையும் ஒன்றுக்கொன்று பொருத்தும் கையடக்க ஆன்டெனா டியூனரையும் கட்டுரையாளர் மறவாமல் குறிப்பிட்டிருந்தார். ஆனால் அந்தச் சிறு பெட்டி கையில் இருந்தால் எந்தக் கம்பியும் ஆன்டெனாவாகிவிடும் என்று பொருள்பட அவர் எழுதியிருந்ததைத் திருத்துவது என் கடமை என்று கருதுகிறேன். அந்த நம்பிக்கையோடு களத்தில் இறங்குபவர், தம் குரல் வெளியே போய்க்கொண்டிருப்பதாக எண்ணிக்கொண்டு, ஒருவருக்கும் கேட்காமல் பேசிக்கொண்டிருக்க நேரும். எனக்கே அது நேர்ந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது, நான் திருத்துறைப்பூண்டிக்கு அருகே எங்கள் ஊரில் இருந்தேன். இரண்டு தென்னைகளுக்கு இடையே கட்டியிருந்த என் டைபோல் ஆன்டெனா (நடுவில் கேபிள் இணைத்த இரு கைக் கம்பி), அந்தத் தென்னைகளோடு சேர்ந்தே விழுந்தது. மின்சாரம் இல்லை, கைப்பேசியில் சிக்னல் இல்லை. வீட்டில் எஞ்சியிருந்தவை 20 வாட் வானொலிக் கருவி ஒன்று, யுபிஎஸ்ஸில் இருந்து கழற்றிய 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, சோப்புப் பெட்டி அளவில் ஒரு டியூனர், வீட்டு வயரிங்கில் மிச்சமான செம்புக் கம்பிச் சுருள் ஆகியவைதாம். விழாமல் நின்ற வேப்பமரத்தில் ஏறத்தாழ 12 மீட்டர் கம்பியைக் கட்டினேன். டைபோலுக்குப் போட்டிருந்த, டிவி கேபிள் போன்ற 15 மீட்டர் கோஆக்ஸ் கேபிளின் நடுக்கம்பியில் அதை முறுக்கி இணைத்து, கேபிளின் மறுமுனையை வீட்டுக்குள் மேசை மேல் இருந்த டியூனரில் செருகினேன். டியூனர் சில நொடிகள் டக்டக்கென்று ஒலித்து நின்றது, பொருத்தத்தைக் காட்டும் மீட்டர் 1.2 காட்டியது (1 என்றால் முழுப் பொருத்தம்). அரை மணி நேரம் 7 மெகாஹெர்ட்ஸில் அழைத்தேன். மற்றவர்கள் பேசுவது எனக்குக் கேட்டது. என் அழைப்பு அவர்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

பிறகுதான் நிதானித்து யோசித்து, டியூனரை எடுத்துக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் வைத்தேன். கம்பியை நேரடியாக டியூனரில் இணைத்து, அதன் எர்த் திருகிலிருந்து 10 மீட்டர் நீளத்துக்கு இன்னொரு கம்பியை ஈரத் தரையில் விரித்து, டியூனருக்கும் வானொலிக்கும் இடையே ஒரு மீட்டர் கேபிளை மட்டும் வைத்தேன். மீட்டர் இப்போது 1.4 காட்டியது, அதாவது முன்னதை விடச் சற்று மோசம். ஆனால் முதல் அழைப்புக்கே பெங்களூரிலிருந்து ஒருவர் பதில் சொன்னார். சென்னையில் இருக்கும் என் மகளிடம் நாங்கள் நலமாக இருக்கும் செய்தியை அவர் தொலைபேசியில் சொன்னபோது, அவள் அழுததாகப் பிறகு அறிந்தேன். மாலைக்குள் அக்கம்பக்கத்தார் தங்கள் பிள்ளைகளின் எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டார்கள்.

காலையில் 1.2 காட்டிய அமைப்பு ஏன் ஊமையாக இருந்தது, 1.4 காட்டிய அமைப்பு எப்படிப் பேசியது? டியூனரைப் பற்றி வாசகர்கள் அறிய வேண்டியது பெரும்பாலும் இந்தக் கேள்விக்கான விடையில் அடங்கிவிடும். நம் வானொலிக் கருவிகள் 50 ஓம் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) உள்ள ஆன்டெனாவை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. ஆன்டெனா அந்த அளவில் இல்லாவிட்டால், அனுப்பும் ஆற்றலில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. மீட்டர் காட்டும், எஸ்டபிள்யூஆர் எனப்படும் நிலையலை விகிதம் 1.5 என்றால் 4 சதவீதம் திரும்பும். 2 என்றால் 11 சதவீதம், 3 என்றால் 25 சதவீதம். இக்காலக் கருவிகள் தம் டிரான்சிஸ்டர்களைக் காத்துக்கொள்வதற்காக, விகிதம் உயர உயரத் தாமாகவே ஆற்றலைக் குறைத்துக்கொள்கின்றன. டியூனர் தன்னுள் இருக்கும் மின்தூண்டிகளையும் மின்தேக்கிகளையும் தக்கபடி இணைத்து, எதிரே இருப்பது 50 ஓம்தான் என்று கருவிக்குக் காட்டுகிறது. அதனால் கருவி முழு ஆற்றலையும் வெளியே விடுகிறது. டியூனரின் வேலை அவ்வளவுதான். ஆன்டெனாவின் நீளத்தையோ உயரத்தையோ அது மாற்றுவதில்லை. டியூனருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே உள்ள கேபிளில் பொருத்தமின்மை அப்படியே இருக்கிறது. அந்தக் கேபிளில் ஆற்றல் முன்னும் பின்னுமாக அலைந்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெப்பமாகிக் கரைகிறது. மேசை மேல் இருக்கும் மீட்டருக்கு இது தெரியாது. இழப்பு மிகுந்த கேபிள் மீட்டருக்கு நல்ல ஆன்டெனாவைப் போலவே தோன்றும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 7 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய 20 மீட்டர் டைபோலை, ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள் 15 மீட்டர் போட்டு, 14 மெகாஹெர்ட்ஸில் டியூனர் உதவியால் பயன்படுத்துவோர் நம்மில் பலர் உண்டு. அந்த அலைவரிசையில் அதே டைபோலின் நடுப்புள்ளி சில ஆயிரம் ஓம் காட்டும். கணக்கிட்டுப் பார்த்தால், அனுப்பும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் கேபிளைச் சூடாக்குவதிலேயே போய்விடுகிறது. வீட்டு மின்சாரத்தில் 100 வாட் அனுப்புபவர் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பேட்டரியில் 20 வாட் அனுப்புபவரால் முடியாது. அதே டைபோலை 21 மெகாஹெர்ட்ஸில் ஏற்றினால் நிலைமை எவ்வளவோ மேல், ஏனெனில் அங்கே அது ஒன்றரை அலை நீளமாகி, நடுப்புள்ளி மறுபடியும் குறைந்த இம்பீடன்ஸுக்கு வந்துவிடுகிறது. ஆகவே களத்தில் டியூனரின் இடம் மேசை அல்ல, கம்பியின் அடி.

கம்பியின் நீளத்தையும் மனம்போன போக்கில் வைக்கக் கூடாது. அரை அலை நீளத்துக்கு நெருங்கிய கம்பியின் முனையில் இம்பீடன்ஸ் ஆயிரக்கணக்கான ஓமுக்கு ஏறிவிடும். சிறு டியூனர்கள் பல அங்கே தோற்றுப்போகும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டரைத் தவிர்த்து, 12 மீட்டரையோ 17 மீட்டரையோ ஒட்டி வைப்பது நல்லது. தரையில் விரிக்கும் எதிர்க்கம்பியை விட்டுவிட்டால், வானொலியின் உடலும் மைக்கின் வயரும் அந்த வேலையை ஏற்கத் தொடங்கும். உதடு மைக்கில் பட்டால் சுரீரென்று சுடும். எதிர்க்கம்பி என்பது டியூனரோடு சேர்த்தே பையில் வைக்க வேண்டிய பொருள்.

டியூனர்களில் கையால் திருகுபவை உண்டு, தாமாகப் பொருத்திக்கொள்பவையும் உண்டு. தானியங்கி வகையில் ஏடியூ-100 என்ற திறந்த வடிவமைப்பு இன்று பரவலாகக் கிடைக்கிறது. அதில் 7 மின்தூண்டிகளும் 7 மின்தேக்கிகளும் ரிலேக்கள் எனப்படும் மின்சுவிட்சுகள் வழியே இணைகின்றன. 128-ஐ 128-ஆல் பெருக்கினால் 16,384 சேர்க்கைகள். மின்தேக்கிகளை வானொலிப் பக்கம் வைப்பதா ஆன்டெனாப் பக்கம் வைப்பதா என்பதையும் கணக்கில் கொண்டால் அதைப் போல் இரு மடங்கு. அத்தனையிலும் தக்கதைச் சில நொடிகளில் அது தேடிப் பிடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வியப்பு நீங்கவில்லை. எலக்ராஃப்ட் நிறுவனத்தின் டி1 இன்னும் சிறியது. 20 வாட்டுக்கு ஏற்றது. 9 வோல்ட் பேட்டரி ஒன்றில் வெகுநாள் இயங்கும். அதன் ரிலேக்கள் ஒருமுறை மாறியபின் மின்சாரம் இல்லாமலே அந்த நிலையில் நிற்பவை என்பதே காரணம். பேட்டரியை எண்ணி எண்ணிச் செலவிட வேண்டிய வேளைக்கு இத்தகைய ரிலே பெரிய வரம்.

ஆனாலும் மாணவர்களுக்குக் கையால் திருகும் டியூனரையே முதலில் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல பத்தாண்டுகளாகச் சிறு டியூனர்களைச் செய்துவந்த அமெரிக்காவின் எம்எஃப்ஜே நிறுவனம் 2024-இல் தன் ஆலையில் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. நாம் வெளிநாட்டுப் பெட்டியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. சென்னை ரிச்சி தெருவில் தேடினால் பழைய டிரான்சிஸ்டர் வானொலியின் பிளாஸ்டிக் கேங் கண்டன்ஸர், அதாவது திருகி மாற்றக்கூடிய மின்தேக்கி, இன்னும் கிடைக்கும். 5 வாட் வரை அது தாங்கும். அதற்கு மேல் போக வேண்டுமானால் வால்வு வானொலிக் காலத்து, தகடுகளுக்கு இடையே காற்று உள்ள கேங் வேண்டும். பிவிசி குழாய்த் துண்டில் எனாமல் பூசிய செம்புக் கம்பியைச் சுற்றி, சில சுற்றுகளுக்கு ஒன்றாக இணைப்புகளை வெளியே இழுத்துவிட்டால் மின்தூண்டி தயார். இரண்டு கண்டன்ஸர்களுக்கு நடுவே ஒரு காயில் (மின்தூண்டிச் சுருள்) வரும் டி வகை அமைப்பில் ஒரே பொருத்தம் பல நிலைகளில் கிடைக்கும். அவற்றுள் கண்டன்ஸர்கள் கூடுதலாகவும் காயில் குறைவாகவும் இருக்கும் நிலையைத் தேர்ந்தெடுப்பவரே டியூனருக்குள் வீணாகும் ஆற்றலைக் குறைக்கிறார். தன் விரலால் திருகிப் பார்த்த மாணவனுக்கு இது புரிந்துவிடும். பொத்தானை அழுத்திப் பழகியவனுக்கு வெகுநாள் புரிவதில்லை.

இவ்வளவு சிரமம் எதற்கு, வாக்கிடாக்கி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 144 மெகாஹெர்ட்ஸ் கைக்கருவி ஊருக்குள் மிகவும் பயன்படும். ஆனால் அதன் அலை ஏறத்தாழப் பார்வைத் தொலைவு வரைதான் போகும். அதைத் தாண்ட, அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வேண்டும். ரிப்பீட்டருக்கு மின்சாரமும் நிற்கும் கோபுரமும் வேண்டும். புயல் முதலில் பறிப்பவை அவை இரண்டையும்தான். 7 மெகாஹெர்ட்ஸில் தாழ்வாகக் கிடைமட்டமாகக் கட்டிய கம்பியோ அலையை மேல்நோக்கி அனுப்புகிறது. அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அந்த அலை சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் மழைபோல் இறங்குகிறது. நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கும் மதுரைக்கும் பகலில் பேச இடையில் எந்தக் கோபுரமும் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, அந்தமானில் வானொலிப் பயணமாகத் தங்கியிருந்த பாரதி பிரசாத் அவர்களின் குழு போர்ட் பிளேரிலிருந்து செய்திகளைக் கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்ததும் ஹாம் வானொலி வழியாகத்தான்.

டியூனரைக் கையாளும் ஒழுக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பொருத்தம் தேடும்போது முழு ஆற்றலை வைத்தால் ரிலேயின் தொடுமுனைகள் தீய்ந்துபோகும். 5 வாட்டுக்குக் குறைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். யாரேனும் பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையில் பேச்சில்லாத வெறும் அலையான கேரியரைச் சீழ்க்கை போலப் போட்டுப் பொருத்தம் தேடுவது, அங்கே ஓர் உயிர்காக்கும் செய்தி போய்க்கொண்டிருந்தால் அதை அழித்துவிடும். முதலில் கேட்டு, சற்றுத் தள்ளிப் போய், அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டுத் தேட வேண்டும். கம்பியின் முனையில் சில வேளைகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும் என்பதால், குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் அதைக் கட்ட வேண்டும். இச்சிறு டியூனர்களில் பல மழை தாங்குபவை அல்ல. நான் டிபன் டப்பாவில் வைத்து, கேபிள்கள் டப்பாவின் அடிப்பக்கமாக நுழையும்படி துளையிட்டு, வெளியே தொங்கி வளையுமாறு விட்டிருக்கிறேன். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று பட்டு இணைப்பிகள் பச்சை பூத்துவிடுவதால், ஆண்டுக்கு இருமுறையாவது கழற்றித் துடைக்க வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஓர் ஊரில் நடந்த பேரிடர்ப் பயிற்சியைக் காணச் சென்றிருந்தேன். அங்கே மேசையில் அடுக்கியிருந்த டியூனரின் மேல் கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கப்படவில்லை. கூரை மேல் ஏற்கெனவே நிறுவியிருந்த ஆன்டெனாவில் பேசிக் காட்டிப் பயிற்சியை முடித்துவிட்டார்கள். புயலில் முதலில் போவது அந்தக் கூரை ஆன்டெனாதான் என்பதை எண்ணி வருத்தத்துடன் திரும்பினேன்.

ஆகவே, தமிழ்நாடு மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தையும் கடலோர மாவட்ட நிர்வாகங்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அக்டோபருக்கு முன் நடத்தும் பயிற்சிகளில், நிலையான ஆன்டெனாவைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு மரம், ஒரு கம்பி, ஒரு டியூனர், ஒரு பேட்டரி ஆகியவற்றைக் கொண்டு 20 நிமிடத்துக்குள் அண்டை மாவட்டத்துடன் பேசிக் காட்டுவதை ஒரு பகுதியாகச் சேர்க்க வேண்டும். மீட்டர் என்ன காட்டியது என்பதை விட, எதிர்முனையில் இருப்பவர் எப்படிக் கேட்டார் என்பதையே குறித்துக்கொள்ள வேண்டும். 12 வயது நிறைந்த எவரும் ஹாம் உரிமத் தேர்வு எழுதலாம் என்பதால், பள்ளி மாணவர்களையும் இதில் அழைக்கலாம். காவிரிப் படுகை மாவட்டங்களில் எந்தப் பள்ளியோ கல்லூரியோ விரும்பினாலும், சனிக்கிழமைகளில் என் டிபன் டப்பாவையும் கம்பிச் சுருளையும் எடுத்துக்கொண்டு நானே வந்து கற்றுத்தரத் தயாராக இருக்கிறேன். என் முகவரியைத் தங்களுக்குத் தனியே எழுதியிருக்கிறேன். கேட்பவர்களுக்குக் கொடுத்து உதவுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், ஹாம் வானொலி உரிமதாரர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.